பட்டாளத்தில் இருந்துகொண்டே பட்டம் வாங்குவது எப்படி: ஜவான்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீவுக்கு ஊருக்கு வரும் தம்பிகளில் பாதிப் பேராவது என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, ப்ளஸ் டூ முடிச்சதும் பட்டாளத்துக்குப் போயிட்டேன், இப்ப டிகிரி படிக்க முடியுமா, இல்ல பென்ஷன் வந்தப்புறம் பாத்துக்கலாமா?" முடியும். பென்ஷன் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. 17 வருட சர்வீஸில் நான் பி.ஏ. முடிக்க ஐந்தரை வருடம் ஆனது, அதில் ஒன்றரை வருடம் என் தப்பான திட்டத்தால் வீணாய்ப் போனது. அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜவான், நாயக், ஹவில்தார் அளவில் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். அக்னிவீர் தம்பிகளுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

திட்டத்தில் நான் செய்த தப்பு இதுதான். கல்லூரிக்குப் போகிற பையனைப் போல "முதல் வருடம் இத்தனை தாள், இரண்டாம் வருடம் இத்தனை தாள்" என்று காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பட்டாளத்தில் காலண்டர் உங்கள் கையில் இல்லை. பீஸ் ஸ்டேஷனில் (எல்லையை விட்டுத் தள்ளிய அமைதியான இடத்தில்) இருக்கிறீர்களா, ஃபீல்டில் (எல்லைப் பகுதியில்) இருக்கிறீர்களா, யூனிட் எப்போது மூவ் ஆகிறது, காடர் என்கிற பதவி உயர்வுப் பயிற்சி எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் படிப்பைப் பிரிக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

15 வருட சர்டிபிகேட்டை நம்பி உட்காராதீர்கள்

படிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு தப்பான நம்பிக்கையால் படிக்காமல் விட்டவர்கள் ஏராளம். "15 வருஷம் சர்வீஸ் முடிச்சா டிகிரிக்குச் சமம்னு சர்டிபிகேட் கொடுக்கிறாங்க, எதுக்கு இராத்திரி கண் முழிச்சுப் படிக்கணும்?" என்று பாரக்கில், அதாவது நாம் தங்கும் கூடத்தில், யாராவது ஒரு சீனியர் கட்டாயம் சொல்வார்.

அந்த விதி உண்மைதான். பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு சர்வீஸ் செய்த முன்னாள் படைவீரர்களை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்குத் தகுதியானவர்களாகக் கருதலாம் என்று 1986-லிருந்தே உத்தரவு இருக்கிறது. ஆனால் அதன் எல்லையைப் பாருங்கள். குரூப் சி மட்டும். அதிலும் தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கேட்காத பதவிகள் மட்டும். அதை வைத்து எம்.ஏ. சேர முடியாது, பி.எட். சேர முடியாது, சிவில் சர்வீசஸ் தேர்வு எழுத முடியாது. அது வேலைக்கான ஒரு சலுகை, பட்டம் இல்லை. என்னோடு ஒரே மாதத்தில் டிஸ்சார்ஜ் ஆன நண்பர் வாத்தியார் ஆகவேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். அந்தச் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஒரு பி.எட். கல்லூரியில் போய் நின்றார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசி அனுப்பினார்கள். 36 வயதில் பி.ஏ. முதல் வருடத்தில் சேர்ந்தார், வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போது. சர்வீஸில் இருந்தபோது அவருக்குப் பீஸ் போஸ்டிங் மட்டும் இரண்டு கிடைத்திருந்தது.

முதல் படி: வெளியே வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

முழு வாழ்க்கைத் திட்டமும் வேண்டாம், திசை தெரிந்தால் போதும். வங்கி, டிஎன்பிஎஸ்சி, மத்திய அரசு வேலை என்றால் ஏதாவது ஒரு பட்டம் போதும், பி.ஏ.வோ பி.காமோ எடுங்கள். ஆசிரியர் வேலை என்றால் பள்ளியில் சொல்லித்தரும் பாடத்திலேயே பட்டம் வேண்டும், பி.எட். சேர பொதுவாக 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இளங்கலைத் தாளில் 35 எடுத்தால் பாஸ். எல்லாத் தாளிலும் 38, 40 என்று தள்ளிக்கொண்டு வந்து பட்டம் வாங்கிவிட்டு, பிறகு பி.எட். படிவத்தை நிரப்பும்போது தலையில் கை வைப்பார்கள்.

செய்முறை வகுப்பு உள்ள படிப்பைச் சர்வீஸில் இருக்கும்போது எடுக்காதீர்கள். பி.எஸ்சி. லேப் வகுப்புக்குத் தொடர்ந்து பல நாட்கள் மையத்தில் இருக்க வேண்டியிருக்கும், அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அஞ்சல் வழியில் எல்லாப் படிப்பும் செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் இவற்றுக்குத் தொலைநிலையில் அனுமதி கிடையாது. 2025-லிருந்து உளவியலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். "சார், வராமலே எல்.எல்.பி. முடிச்சுத் தர்றோம்" என்று போனில் பேசுகிற ஆள், பட்டாளத்துக்காரன் சம்பளம் மாதாமாதம் தவறாமல் வரும் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறான். எங்கள் யூனிட்டில் ஒரு தம்பி அப்படி ஒரு சென்டருக்கு மூன்று தவணை பணம் கட்டினான், கடைசியில் கையில் வந்த காகிதத்தை எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. பணம் போனதைவிட அவன் நான்கு வருடம் "நான் வக்கீல்" என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இரண்டாம் படி: பத்து, பன்னிரண்டு, பட்டம். இந்த வரிசை உடையக்கூடாது

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் ஏராளம். ப்ளஸ் டூ இல்லாமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆயத்தப் படிப்பு முடித்து நேராகப் பட்டத்துக்குப் போகும் குறுக்குவழி உண்டு. அந்த வழியில் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ல் வந்த அரசாணைப்படி, அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்ததுதான் செல்லும். வரிசையில் ஒன்று விட்டுப்போனால் மேலே எத்தனை பட்டம் அடுக்கினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

ப்ளஸ் டூ இல்லாதவர்களுக்கு நல்ல வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி, எல்லோரும் என்ஐஓஎஸ் என்று சொல்வது. பாடங்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் எல்லாம் எழுத வேண்டியதில்லை. ஒரு பீஸ் போஸ்டிங்குக்குள் தாராளமாக முடித்துவிடலாம்.

மூன்றாம் படி: எந்தப் பல்கலைக்கழகம்

பட்டாளத்துக்காரனுக்கு என் முதல் ஓட்டு இக்னோவுக்குத்தான். நாடு முழுக்கத் தேர்வு மையம் இருக்கிறது, தேர்வுப் படிவம் நிரப்பும்போது எந்த ஊரில் எழுதப்போகிறோம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். தரைப்படைக்கும் கடற்படைக்கும் அசாம் ரைபிள்ஸுக்கும் தனி மண்டல மையங்களே அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேரலாம். மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை நேரம் தருகிறார்கள், இந்த ஆறு வருடம்தான் நமக்கு உயிர்நாடி. முதல் வருடத் தாள்களில் பாஸ் ஆகாவிட்டாலும் இரண்டாம் வருடத்துக்கு ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் செய்துகொள்ளலாம், விட்டுப்போனதை அடுத்த ஜூனிலோ டிசம்பரிலோ எழுதலாம்.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாம். 2002-லிருந்து இயங்குகிறது, சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. ஆனால் தேர்வுக்குத் தமிழ்நாட்டுக்கு வந்தாக வேண்டும், அப்படியென்றால் ஒவ்வொரு தேர்வுக்கும் லீவு. டிஎன்பிஎஸ்சிதான் உங்கள் குறி என்றால் பயிற்றுமொழியைக் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழி கேட்கிறார்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தமிழில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கிலத்தில் படித்தால், பட்டத் தகுதி கேட்கும் பதவிகளில் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும், யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்கள் சேரும் படிப்பு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம், யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

நான்காம் படி: யூனிட்டில் எழுதி அனுமதி வாங்குங்கள்

சொல்லாமல் சேர்ந்துவிட்டு, முடித்த பிறகு காட்டலாம் என்று நினைக்காதீர்கள். தொலைநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதி, கம்பெனி கமாண்டர் வழியாக, யூனிட்டின் தலைவரான சிஓ சாபின் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணம். தேர்வுக்கு லீவு கேட்கும்போது "நீ படிக்கிறதே எங்களுக்குத் தெரியாதே" என்ற பேச்சு வராது. அதைவிட முக்கியமாக, படிப்பு முடிந்ததும் அது பார்ட் 2 ஆர்டரில் (நம் சர்வீஸ் விவரங்களைப் பதிவுசெய்யும் உத்தரவில்) ஏறி ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போக வேண்டும், அனுமதி இருந்தால் அந்த வேலை சுலபமாக நடக்கும்.

யூனிட்டில் எஜுகேஷன் ஜேசிஓவோ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) எஜுகேஷன் ஹவில்தாரோ இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். ஆர்மி எஜுகேஷன் கோரிலிருந்து வந்தவர்கள், பச்மரியில் பயிற்சி எடுத்தவர்கள், இந்த விஷயத்தில் கை கொடுப்பதுதான் அவர்கள் வேலையே. பலர் மேப் ரீடிங் வகுப்போடு அவரை மறந்துவிடுகிறார்கள். எனக்கு முதல் அசைன்மென்ட் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து சொல்லித்தந்தது ஒரு ராஜஸ்தான் சுபேதார் சாப். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு உட்கார்ந்தார்.

ஐந்தாம் படி: சேர்க்கை, சிம், தபால்

2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி என்று ஒரு எண் உருவாக்க வேண்டும், அதற்கு முன் ஏபிசி ஐடி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற படிப்புக் கணக்கின் எண்) வேண்டும், இரண்டுக்கும் ஆதாரும் மொபைலுக்கு வரும் ஓடிபியும் தேவைப்படும். ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும், மார்க் ஷீட்டில் இருப்பதும், சர்வீஸ் ரெக்கார்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டு இனிஷியல் வடக்கே போனால் படும் பாடு நமக்குத் தெரியாதா? பள்ளியில் "க. முருகன்" என்று இருப்பது ரெக்கார்டில் அப்பா பெயரோடு நீட்டி எழுதப்பட்டிருக்கும். பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் வரவேண்டும் என்பதை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும், முடிந்தபின் திருத்துவது பெரிய அலைச்சல்.

ஓடிபி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் எத்தனை பேரின் தேர்வுப் படிவம் இதனால் போயிருக்கிறது தெரியுமா? வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. அங்கே போஸ்டிங் போனதும் லோக்கல் நம்பர் வாங்குவோம், பழைய நம்பர் செத்துப்போகும், ஓடிபி எல்லாம் அந்தப் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும். ஒரு நம்பரைப் போஸ்ட்பெய்டாக மாற்றிப் படிப்புக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் மனைவியோ தம்பியோ வைத்திருக்கும் நம்பரைக் கொடுங்கள், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

முகவரிக்கு 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முகவரியைக் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே இந்தியத் தபால் மட்டும்தான் வரும், தனியார் கூரியர் வராது, யூனிட் மூவ் ஆனால் புத்தகம் உங்களைத் துரத்திக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றும். ஊர் முகவரியைக் கொடுத்துவிடுங்கள், லீவு முடிந்து திரும்பும்போது அந்த வருடத்துக்கான புத்தகத்தை ட்ரங்குப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். இக்னோவின் எல்லாப் பாடமும் இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சிக்னல் இருக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. படிப்புக்கான வாட்ஸ்அப் குழுக்களில் யூனிட் பெயர், இருக்கும் இடம், யூனிபார்ம் போட்டோ எதுவும் வேண்டாம். 2020 ஜூலையில் 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது நினைவிருக்கும். படிப்புக்காக என்று சொல்லி எந்தச் செயலியையும் போடும் முன் யூனிட்டில் கேளுங்கள். "சிவிலில் படிக்கிற அக்கா, நோட்ஸ் அனுப்பறேன்" என்று முன்பின் தெரியாத நம்பரிலிருந்து யாராவது பேச ஆரம்பித்தால் உடனே யூனிட்டில் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: போஸ்டிங்கை வைத்துப் படிப்பைப் பிரிப்பது

இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம், ஆறு கிரெடிட் தாளுக்கு 180. 120 கிரெடிட் உள்ள ஒரு பட்டத்துக்கு 3,600 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிக்க தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும், பட்டாளத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஆறு வருடத்தில் பிரித்தால் வருடத்துக்கு 600 மணி நேரம், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அது நடக்கும். ஆனால் வருடம் முழுக்க ஒரே மாதிரி நடக்காது.

அதனால் நான் பிறகு கண்டுபிடித்த முறை இது. பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது ஒரு தேர்வுக்கு மூன்று, நான்கு தாள் எழுதுங்கள். கஷ்டமான தாள்கள், அதாவது பொருளாதாரம், புள்ளியியல், ஆங்கிலம் எல்லாம் அங்கேதான். ஃபீல்டில் இருக்கும்போது ஒரு தாள், அதுவும் படித்தாலே புரிகிற வரலாறு, அரசியல் மாதிரித் தாள். சியாச்சின் மாதிரி உயரத்தில் போஸ்ட்டில் இருக்கும் மூன்று மாதம், படிப்பை மறந்துவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். அங்கே மூச்சு விடுவதே வேலை. புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கையில் ஒரு பாடப் பகுதி இருந்தால் புரட்டிப் பாருங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் முதல் வருடம் ஃபீல்டில் இருந்துகொண்டு ஆறு தாளுக்குப் படிவம் போட்டேன். ஒன்றுகூட எழுத முடியவில்லை, கட்டின கட்டணம் போனது, "நமக்குப் படிப்பு வராது" என்று ஒரு வருடம் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஒன்றிரண்டு தாள் மட்டும் போட்டிருந்தால் அந்த ஒரு வருடம் போயிருக்காது.

புரமோஷன் காடர் வரும் பருவத்தில் தேர்வு வேண்டாம். நாயக், ஹவில்தார் காடரில் நல்ல கிரேடு வாங்குவது உங்கள் சம்பளம், பென்ஷன் இரண்டையும் தொடுகிற விஷயம், பட்டம் ஆறு மாதம் காத்திருக்கலாம்.

ஏழாம் படி: நாளில் நேரம் எங்கே இருக்கிறது

பீஸ் ஸ்டேஷனில் மதிய லங்கர் (சாப்பாடு) முடிந்து மாலை கேம்ஸுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி, ரோல் கால் முடிந்து விளக்கணைக்கும் முன் ஒரு மணி நேரம். இந்த இரண்டும்தான் நம் வகுப்பறை. அதிகாலையில் எழுந்து படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பி.டி.க்கு உடம்பு வராது, ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

கார்டு டியூட்டியில் சென்ட்ரி நிற்கும் இரண்டு மணி நேரம் கையில் புத்தகமோ போனோ கூடவே கூடாது, இதில் பேச்சே இல்லை. அதன்பிறகு வரும் நான்கு மணி நேர ஓய்வில் முதலில் தூங்குங்கள், மிச்சம் இருந்தால் படியுங்கள்.

பாரக்கில் 30 பேர் நடுவில் படிப்பது பழகிவிடும். இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் சுலபம், தமிழ்ப் பையன்தான் வேண்டும் என்றில்லை, ஒரே தாளை எழுதுகிற மராட்டிக்காரன் என்றாலும் சரி. எங்களுக்குள் ஒருவருக்கு டியூட்டி என்றால் இன்னொருவன் படித்து வைத்துச் சொல்வான்.

எட்டாம் படி: அசைன்மென்ட்

பெரும்பாலான தாள்களில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த 30 சதவீதம்தான் காப்பு, ஏனென்றால் தேர்வு நாளில் எங்கே இருப்போம் என்று தெரியாது, ஆனால் அசைன்மென்ட்டைப் பாரக்கில் இருந்தே எழுதலாம். நன்றாக எழுதினால் 70, 75 மதிப்பெண் வரும், தேர்வில் கொஞ்சம் சறுக்கினாலும் மொத்தத்தை அது தூக்கிவிடும். தேர்வை ஒரு முறை விட்டாலும் அசைன்மென்ட் மதிப்பெண் உங்கள் கணக்கில் இருக்கும்.

கையால்தான் எழுத வேண்டும். அந்தந்தப் பருவத்துக்கு உரிய கேள்வித்தாளை இறக்கி எழுதுங்கள், போன வருடக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், சமர்ப்பித்ததற்கான ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மதிப்பெண் ஏறவில்லை என்று கடிதம் எழுதும் நிலை பலருக்கு வரும், அப்போது இந்த ரசீது ஒன்றுதான் பேசும். பணம் கொடுத்து யாரையாவது எழுத வைக்காதீர்கள். தேர்வுக்கான பாதிப் படிப்பு அசைன்மென்ட் எழுதும்போதே முடிந்துவிடுகிறது, அதை விற்றுவிட்டுத் தேர்வறையில் என்ன எழுதுவீர்கள்?

ஒன்பதாம் படி: தேர்வும் லீவும்

வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. இதற்குள்தான் தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளை காதுகுத்து எல்லாம். தேர்வுக்கென்று தனி லீவு எதிர்பார்க்காதீர்கள், இருப்பதைச் சரியாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு டிசம்பர் தேர்வுதான் பொருத்தம். டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து வாரக்கணக்கில் நடக்கும், உங்கள் தாள்கள் பிந்திய தேதியில் வருமாறு தேர்ந்தெடுத்தால், தேர்வையும் பொங்கலையும் ஒரே லீவில் முடித்துவிடலாம். தேர்வு மையத்தை உங்கள் மாவட்டத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். உத்தேச அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும், அதைப் பிரிண்ட் எடுத்து, யூனிட்டில் லீவ் பிளான் போடும்போதே கிளார்க்கிடமும் சீனியர் ஜேசிஓவிடமும் கொடுத்துவிடுங்கள். "சாப், இந்த இரண்டு தேதி மட்டும் எனக்கு வேணும், மத்த நாள் நீங்க சொல்றபடி" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கடைசி வாரத்தில் போய் நின்றால் யாருக்கும் கோபம்தான் வரும்.

லீவில் வீட்டுக்கு வந்ததும் படிப்பது கஷ்டம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்பது மாதம் கழித்துப் பார்க்கிற மனைவியிடம் "எனக்குப் பரீட்சை இருக்கு" என்று எப்படிச் சொல்வது? முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், எந்தெந்த நாள் தேர்வு, எந்த நாள் முழுக்க வீட்டுக்கு என்று. என் மனைவி என்னைவிட நன்றாகத் தேதிகளை நினைவில் வைத்திருந்தாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தப் பட்டத்தில் பாதி அவளுடையது.

லீவு ரத்தாகி, எல்லையில் நிலைமை மாறி, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டால்? கிளம்பிவிடுங்கள். தேர்வு ஜூனில் மறுபடி வரும்.

அக்னிவீர் தம்பிகளுக்கு

உங்கள் கணக்கு வேறு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம்தான், அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு இருபதுகளின் தொடக்கத்திலேயே வெளியே வருவார்கள். லீவும் வருடத்துக்கு 30 நாள்தான்.

உங்களுக்கென்றே இக்னோ மூன்று வருடப் பட்டம் ஒன்று வைத்திருக்கிறது. பாதி கிரெடிட் நீங்கள் படையில் பெறும் பயிற்சிக்கே கிடைத்துவிடும், மீதிப் பாதிக்குத்தான் தாள் எழுத வேண்டும். முதல் வருடத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாவது வருடத்தோடு டிப்ளமோ, முழுக்க முடித்தால் பட்டம். பத்தாம் வகுப்போடு வந்தவர்களுக்கு என்ஐஓஎஸ் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் ஆறு வருடம் இழுக்க முடியாது, அதனால் பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன முதல் சேர்க்கைப் பருவத்திலேயே சேருங்கள். "25 சதவீதத்தில் நான் வந்துடுவேண்ணே" என்கிற தம்பியிடமும் இதையேதான் சொல்கிறேன். வந்தால் சந்தோஷம், பட்டம் கையில் இருப்பதால் ஒன்றும் குறையாது.

அதிகாரி ஆக ஆசை இருந்தால்

இதைத் தெரியாமலேயே வயதைக் கடத்திவிடுகிறவர்கள் பலர். டேராடூனில் ஆர்மி காடெட் காலேஜ் இருக்கிறது, ஏசிசி என்பார்கள். ப்ளஸ் டூ, இரண்டு வருட சர்வீஸ், வயது 20-லிருந்து 27-க்குள். எழுத்துத் தேர்வு, பிறகு எஸ்எஸ்பி என்னும் நேர்முகத் தேர்வு. தேர்வானால் அங்கே மூன்று வருடம், டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும், அதன்பின் ஒரு வருடம் இந்தியன் மிலிட்டரி அகாடமி, பிறகு தோளில் நட்சத்திரம். தொலைநிலையில் தனியாகப் போராட வேண்டியதில்லை, படிப்பே உங்கள் டியூட்டி. நம் பையன்களுக்கு எஸ்எஸ்பியில் ஆங்கிலம் பேசுவதுதான் பயம். இரண்டு வருடம் தினமும் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள், பிளட்டூன் வகுப்பு எடுக்க வாய்ப்பு வந்தால் முன்னால் போய் நில்லுங்கள், பயம் போய்விடும். 27 தாண்டியவர்களுக்கும் சர்வீஸுக்குள்ளிருந்தே அதிகாரி ஆக வேறு வழிகள் உண்டு, எஜுகேஷன் ஜேசிஓவிடம் கேளுங்கள்.

நீலகிரி வெலிங்டனில் ரெக்ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தபோது, அதே மலையில் இருக்கும் ஸ்டாஃப் காலேஜில் அதிகாரிகள் ஒரு வருடம் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வயதிலேயே ஏசிசிக்கு எழுதியிருப்பேன்.

பத்தாம் படி: ரெக்கார்டில் ஏற்றுங்கள்

ரிசல்ட் வந்ததும் புரவிஷனல் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு நேராகக் கிளார்க்கிடம் போங்கள். பார்ட் 2 ஆர்டரில் உங்கள் கல்வித் தகுதி ஏறவேண்டும், ஏறியதன் நகல் உங்கள் கைக்கு வரவேண்டும். வரும்வரை வாரம் ஒரு முறை கேளுங்கள், பணிவாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். ப்ளஸ் டூவை சர்வீஸில் முடித்திருந்தால் அதற்கும் இதே வேலைதான்.

சர்வீஸ் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே சிவில் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான சான்றிதழை யூனிட்டில் கேளுங்கள். மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகள் 24 வாரம் வரை நடக்கின்றன, ஜேசிஓவுக்கும் மற்ற ரேங்க்கில் இருப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. பட்டத்தோடு போனால் அங்கேயும் நல்ல பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு விரியும்.

டிஸ்சார்ஜ் புக் கையில் வாங்கும் நாளில், கையெழுத்துப் போடும் முன் கல்வித் தகுதி என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். அதில் இன்னும் பத்தாம் வகுப்பு என்றே இருந்தால் அங்கேயே, அந்த மேஜையிலேயே, பார்ட் 2 ஆர்டர் நகலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். ஊருக்கு வந்த பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதித் திருத்துவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது, அதற்குள் ஒரு வேலைக்கான கடைசித் தேதி போய்விட்டது.